ஒன்பது வயது லாப், தண்ணீராகக் குடிக்கிறது: வயசுதான் காரணமா?

மார்ச் 4, காலை 7.10 (கேள்வி)

எங்கள் லாப்ரடார் ரோஸிக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை, குட்டியும் போட்டதில்லை. ஜனவரி கடைசியில் ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்தது. ஒரு வாரமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறாள். ராத்திரி ஹாலிலேயே மூத்திரம் போய்விடுகிறாள், இதுவரை அப்படிச் செய்ததே இல்லை. சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறாள். வயசாகிவிட்டது, கிட்னி போயிருக்கும், வெயிலும் ஆரம்பித்துவிட்டது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பின்பக்கம் சீழோ ரத்தமோ எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கலாமா?

மார்ச் 4, காலை 7.45

பார்க்காதீர்கள். இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டரிடம் எடுத்த எடுப்பில் "ஹீட் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது, ஆபரேஷன் ஆகாதவள்" என்று சொல்லுங்கள். தண்ணீர் கதையை அப்புறம் சொல்லலாம். பயோமெட்ரா, அதாவது கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்யக் கேளுங்கள். சீழ் வெளியே தெரியாததை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் சீழ் உள்ளேயே தங்கும், அதுதான் சீக்கிரம் ஆளைச் சாய்க்கும்.

மார்ச் 4, காலை 9.30

டீ குடித்தாயிற்று, இப்போது விவரமாக.

நாய்க்கு ஹீட் முடிந்த பிறகு, சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏறக்குறைய இரண்டு மாதம் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிகமாகவே இருக்கும். கர்ப்பப்பையின் உள்சுவர் தடிக்கும், சுரப்பிகள் நீர் விடும், வாய் இறுகும், சுருங்கி வெளியே தள்ளும் சக்தி குறையும், கிருமியை எதிர்க்கும் சக்தியும் அந்த இடத்தில் குறையும். குட்டி தங்குவதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு இது. குட்டி இல்லாதபோது, ஹீட் சமயத்தில் கீழிருந்து ஏறிய ஈ.கோலை என்ற கிருமி அங்கே குடியேறுகிறது. ஒவ்வொரு ஹீட்டிலும் இதே கதை திரும்ப நடப்பதால் சுவர் வருஷத்துக்கு வருஷம் கெடுகிறது. அதனால்தான் ஏழு, எட்டு, ஒன்பது வயதில் இதை அதிகம் பார்க்கிறோம்.

"இந்த வயசில் இன்னும் ஹீட் வருமா?" என்று கேட்பவர்கள் நிறைய. வரும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல நாய்க்கு நிற்பதில்லை. இடைவெளி கூடும், ரத்தம் குறையும், அவளே நக்கிச் சுத்தம் செய்துவிடுவாள், நமக்குத் தெரியாமலே ஒரு ஹீட் போய்விடும். நின்றுவிட்டது என்று நாமாக முடிவு கட்டியிருப்போம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நாய் அதிகம் குடிப்பதால் அதிகம் மூத்திரம் போகவில்லை. ஈ.கோலை விடும் நச்சு, தண்ணீரைத் தேக்கி வை என்று மூளை அனுப்பும் ஹார்மோனின் பேச்சைச் சிறுநீரகம் கேட்காதபடி செய்துவிடுகிறது. தண்ணீர் அப்படியே மூத்திரமாக வெளியேறுகிறது, ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது. ராத்திரி ஹாலில் போகிறதே என்று கிண்ணத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள். அதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை.

மார்ச் 4, மதியம் 1.15

ரோஸி வீட்டிலிருந்து இன்னும் தகவல் இல்லை. அதற்குள் எங்கள் வெள்ளச்சி கதை. ராஜபாளையம், எட்டு வயது. ஹீட் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும், சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள். முதலில் பார்த்த டாக்டர் சத்து ஊசி போட்டு அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் எந்தக் கறையும் தெரியவில்லை, வாலடியும் பளிச்சென்றுதான் இருந்தது. என் மாமியார்தான் பழைய வெள்ளை வேட்டியை மடித்து அவள் படுக்கும் இடத்தில் போட்டார். விடிந்து பார்த்தால் அதில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை, ஓரம் பச்சை, நடுவில் சாக்லேட் நிறம். முகர்ந்து பார்த்தால் குடலைப் புரட்டும் நாற்றம். ராத்திரி முழுக்க நக்கியும் அவளால் மறைக்க முடியாமல் போனது அது ஒன்றுதான்.

அந்த வேட்டியைச் சுருட்டிப் பையில் போட்டு அப்படியே வேறு டாக்டரிடம் கொண்டுபோனோம். பிரித்துப் பார்த்தவர் வேறு எதுவும் கேட்காமல் ஸ்கேன் அறைக்குக் கூட்டிப் போனார். அதன் பிறகு ஐந்து வருஷம் இருந்தாள், வீட்டில் எல்லோரையும் மிரட்டிக்கொண்டு.

மார்ச் 4, இரவு 9.50

ரோஸிக்குப் பயோமெட்ராதான். ஸ்கேனில் கர்ப்பப்பையின் இரண்டு கொம்பும் (கிளைகளும்) நீர் நிரம்பித் தடித்திருக்கிறதாம். ரத்தத்தில் வெள்ளையணு எக்கச்சக்கம். இன்றிரவு டிரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும், காலையில் ஆபரேஷன்.

"ஒன்பது வயசுக்கு மயக்க மருந்து தாங்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்குமா என்று கவலைப்பட வேண்டியது சீழைத்தான். அதை உள்ளே வைத்துக்கொண்டு மாத்திரையில் ஓட்டினால் ரத்தத்தில் விஷம் ஏறும், சிறுநீரகம் போகும், பை கிழிந்தால் வயிறு முழுக்கப் பரவும். முதலில் டிரிப்ஸ் ஏற்றி, ரத்த அழுத்தத்தைச் சரிசெய்து, பிறகு அறுத்தால் பெரும்பாலான நாய்கள் எழுந்துவிடுகின்றன. பத்து, பன்னிரண்டு வயதில் செய்து நன்றாக இருக்கும் நாய்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் இல்லாமல் ஊசியிலேயே சரிசெய்யலாம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அக்லெபிரிஸ்டோன், புரோஸ்டாகிளாண்டின் என்று மருந்துகள் இருப்பது உண்மை. குட்டி எடுக்க நினைக்கும் இளம் நாய்க்கு, வாய் திறந்து சீழ் வெளியேறிக்கொண்டிருந்தால், டாக்டர் கண்காணிப்பில் செய்வது அது. அடுத்த ஹீட்டில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஒன்பது வயது ரோஸிக்கு அது எதற்கு?

மார்ச் 6, காலை

ரோஸி எழுந்து இரண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டாளாம். வெளியே எடுத்த கர்ப்பப்பையின் படத்தை இங்கே போட்ட புண்ணியவானுக்கு: காலை இட்லி நேரத்தில் திறந்தேன், நன்றி.

தண்ணீர் குடிப்பது ஒரே நாளில் நின்றுவிடாது. சிறுநீரகம் தெளிய நேரம் எடுக்கும். சில வாரத்தில் இறங்கவில்லை என்றால் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), மூத்திரத்தின் அடர்த்தி இரண்டையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

மார்ச் 7

தண்ணீர் எவ்வளவு குடித்தால் அதிகம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பொதுவாகக் கிலோவுக்கு 50, 60 மில்லி. ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 28 கிலோ லாப் என்றால் ஒன்றரை லிட்டர் சகஜம், மூன்று லிட்டர் சகஜமில்லை. காலையில் பாட்டிலால் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்தால் முடிந்தது. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் பிரித்து வையுங்கள். பாத்ரூம் வாளியையும் மூடி வையுங்கள், எல்லா நாய்க்கும் அதில்தான் ருசி.

மார்ச் 7, சற்று நேரம் கழித்து

மேலே எழுதிய கணக்கோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ரசம் சோறும் மோர் சோறும் சாப்பிடும் நாய் குறைவாகத்தான் குடிக்கும், சாப்பாட்டிலேயே தண்ணீர் இருக்கிறது. பாக்கெட் தீவனம் தின்பது அதிகம் குடிக்கும். அக்னி நட்சத்திரத்தில் எல்லாமே குடிக்கும். எனவே புத்தகக் கணக்கைவிட, உங்கள் நாய் போன மாதம் குடித்ததற்கும் இப்போது குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிது. ஹீட் ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறிக்கிறோமே, அதன் பக்கத்திலேயே எழுதலாம்.

மார்ச் 9

"ஒரு தடவையாவது குட்டி போட விட்டால் கர்ப்பப்பை சுத்தமாகிவிடும்" என்று எழுதியவருக்கு. இது ஊர் ஊராகச் சொல்லப்படுவது. குட்டி போட்ட நாய்களுக்குச் சில இனங்களில் ஆபத்து ஓரளவு குறைவு என்பது தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று ஈற்று போட்ட நாய்க்கும் பத்து வயதில் சீழ் கட்டுகிறது. அதற்காக ஆறேழு குட்டிகளை உலகத்துக்குக் கொண்டுவந்து, யார் தலையில் கட்டுவது?

ஸ்வீடனில் கருத்தடை செய்யும் பழக்கம் வெகுகாலம் குறைவாக இருந்தது, நாய்களுக்குக் காப்பீடு எடுப்பதோ சர்வ சாதாரணம். அதனால் காப்பீட்டுப் பதிவுகளை வைத்தே கணக்குப் பார்க்க முடிந்தது. பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலைந்தில் ஒரு பெட்டைக்குப் பயோமெட்ரா வந்திருந்தது. நம் ஊரில் இப்படிக் கணக்கெடுத்தால் சத்து ஊசி போட்டு அனுப்பியவை எதிலும் சேராது.

மார்ச் 11

மூத்திரப் பரிசோதனைக்கு எப்படிப் பிடிப்பது என்று கேட்டவருக்கு: நீளமான கைப்பிடி உள்ள குழம்புக் கரண்டி. கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்து, ஆற வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் நடையில், அவள் உட்கார்ந்து சில நொடி போன பிறகு, பின்னாலிருந்து மெல்ல நீட்டுங்கள். முதலிலேயே நீட்டினால் எழுந்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர் "என்ன சார், நாய்க்குக் குழம்பு பரிமாறுகிறீர்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும். உடனே லேபுக்குக் கொடுங்கள், தாமதமானால் ஃப்ரிட்ஜில். என் மனைவி அந்தக் கரண்டியில் சிவப்பு நூல் கட்டி மொட்டைமாடிக்கு நாடு கடத்திவிட்டார்.

கிருமி எது என்று கல்ச்சர் பார்க்க இது போதாது. வழியில் இருக்கும் கிருமியெல்லாம் சேர்ந்துவிடும். அதற்கு டாக்டர் வயிற்றின் வழியே ஊசியில் நேராக மூத்திரப்பையிலிருந்து எடுப்பார், பார்க்கத்தான் பயமாக இருக்கும், நாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பயோமெட்ரா சந்தேகம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊசியைக் குத்தக் கூடாது, சீழ் நிரம்பிய கர்ப்பப்பையில் பட்டுவிடலாம்.

மார்ச் 12

சொல்ல விட்டுப்போனது: அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போவது வேறு, அண்டா அண்டாவாகப் போவது வேறு. முதலாவது பெரும்பாலும் மூத்திரப்பைத் தொல்லை, கிருமி அல்லது கல். இரண்டாவது மேலே சொன்ன கர்ப்பப்பை, சிறுநீரகம், சர்க்கரை, குஷிங்ஸ் (கார்ட்டிசால் ஹார்மோன் அதிகமாகும் நோய்) வகை. டாக்டரிடம் "நிறைய யூரின் போகிறாள்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு எது என்று புரியாது.

சர்க்கரையும் ஆபரேஷன் ஆகாத பெட்டைக்கு ஹீட் முடிந்த கையோடு வரலாம், அதே புரோஜெஸ்டிரோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. ஸ்கேனில் கர்ப்பப்பை சுத்தமாக இருந்தால் "அப்பாடா" என்று எழுந்து வராமல் சர்க்கரையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மார்ச் 14

இன்னொன்று. சொறிக்காக ஊசி போட்டுவிட்டு வந்த மறுநாளே தண்ணீரும் மூத்திரமும் ஏறினால், அது ஸ்டீராய்டாக இருக்கலாம். சீட்டை எடுத்துப் பாருங்கள், பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கும். கிட்னி போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்த ஒருவரின் நாய்க்கு இதுதான் காரணம். மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மார்ச் 17

"எங்களுடையது ஆபரேஷன் ஆனவள், பதினொரு வயது, தூங்கி எழுந்தால் படுக்கை நனைந்திருக்கிறது, திட்டினால் பயந்து ஒளிகிறாள்." திட்டாதீர்கள். அவளுக்கே தெரியாமல் போகிறது.

எங்கள் டாலிக்கு இதே கதை. விழித்திருக்கும்போது ஒழுங்காக வாசலில் போவாள். ஆழ்ந்து தூங்கும்போதுதான் கசியும், எழுந்து பார்த்துத் திகைப்பாள், பிறகு அந்த இடத்தை நக்குவாள். சினைப்பை எடுத்த பிறகு ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் மூத்திரக் குழாயின் இறுக்கும் தசை தளர்கிறது. ஆபரேஷன் முடிந்து சில வருஷம் கழித்துக்கூட ஆரம்பிக்கும். இருபது கிலோவுக்கு மேற்பட்ட நாய்களுக்கு அதிகம், உடம்பு பெருத்தால் இன்னும் மோசம்.

இதற்கு மருந்து இருக்கிறது, அதுதான் நல்ல செய்தி. எஸ்ட்ரியால் (ஈஸ்ட்ரோஜன் வகை) மாத்திரை டாலிக்கு ஒத்துக்கொண்டது. டாக்டர் முதலில் தினமும் கொடுத்து, கசிவு நின்றதும் இடைவெளி விட்டுக் குறைத்துக்கொண்டே வந்தார். ஆரம்பத்தில் பின்பக்கம் கொஞ்சம் வீங்கியது, தெரு ஆண் நாய்கள் பழைய சிநேகம் மாதிரி கேட்டருகே வந்து நின்றன, அளவு குறைந்ததும் கலைந்துபோயின. வெளிநாடுகளில் முதலில் கொடுப்பது ஃபீனைல்புரோபனோலமைன். நம் நாட்டில் 2011இல் மனிதர் பயன்பாட்டுக்குத் தடை வந்த பழைய ஜலதோஷ மருந்து அது, அதனால் மருந்துக் கடையில் தேடி அலையாதீர்கள்.

மாத்திரைக்கு முன் மூத்திரத்தைப் பரிசோதித்துக் கிருமி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஈரத்திலேயே படுத்திருந்தால் மடிப்பில் புண்ணாகி அதுவே புதுக் கிருமிக்கு வழி விடும். குண்டு நாய்களுக்குப் பின்பக்க மடிப்பை ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள்.

மார்ச் 19

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், பார்லி தண்ணீர் கொடுத்தால் மூத்திரக் கல் கரையும் என்று யோசனை. எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. பெட்டை நாயின் மூத்திரப்பையில் வரும் கற்களில் ஸ்ட்ருவைட் அதிகம், அது பெரும்பாலும் கிருமியால் வருவது. கிருமியை ஆன்டிபயாடிக்கால் ஒழித்து, அதற்கென்று உள்ள உணவைக் கொடுத்தால் கல் கரையும். கால்சியம் ஆக்ஸலேட் கல் எதற்கும் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். எந்தக் கல் என்று தெரியாமல் சாறு ஊற்றுவதில் நாள்தான் போகும். பார்லி தண்ணீர் கொடுத்தால் கெடுதல் இல்லை, கொடுங்கள். பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சையை மட்டும் கொடுக்காதீர்கள், நாயின் சிறுநீரகத்துக்குத் திராட்சை விஷம்.

மார்ச் 22

சிவப்பு மூத்திரம் பற்றித் தனியாக எழுத வேண்டும். நம் ஊரில் காபி நிறத்தில் மூத்திரம் போனால் முதலில் ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்த அணு உடைந்து அந்த நிறம் வருகிறது. காதுமடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். பிரியாணி வெங்காயம் நிறையத் தின்றாலும் இப்படி ஆகும். இந்த இரண்டுக்கும் மூத்திரப்பைக்கும் சம்பந்தமே இல்லை.

மூத்திரம் தெளிவாக இருந்து, சொட்டுச் சொட்டாக ரத்தம் மட்டும் தனியாக விழுந்தால் வேறு விஷயம். எங்கள் தெருக் கருப்பி வருஷம் முழுக்க ஹீட்டிலேயே இருக்கிறாள் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காதில் வெட்டு இல்லை, அதாவது கருத்தடை ஆகாதவள். பிடித்துக்கொண்டு போய்க் காட்டினால் உள்ளே காலிஃப்ளவர் மாதிரி ஒரு கட்டி. டி.வி.டி (TVT) என்பார்கள், இணை சேரும்போது ஒட்டும் புற்றுநோய். கிருமி ஒட்டுவதில்லை, புற்று செல்லே ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குப் போய் ஒட்டி வளர்கிறது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பு வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் செல்கள் இன்றைக்கும் எங்கள் தெருவில் உயிரோடு இருக்கின்றன என்று நினைத்தால் தலை சுற்றுகிறது.

பயந்துவிடாதீர்கள், நன்றாகக் குணமாகும் புற்று இது. வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின், சில வாரங்கள். நரம்பில்தான் ஏற்ற வேண்டும், தப்பி வெளியே கசிந்தால் சதை அழுகும், அதனால் கை தேர்ந்தவரிடம் மட்டும். சென்னைக்காரர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். கருப்பி இப்போது காதில் வெட்டோடு எங்கள் வாசலில்தான் படுத்திருக்கிறாள்.

மார்ச் 25

ரோஸிக்குத் தையல் பிரித்தாயிற்றாம், தண்ணீர் ஒன்றரை லிட்டருக்கு இறங்கிவிட்டது. நல்லது. அடுத்து அவளை மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவும்போது ஒவ்வொரு காம்பைச் சுற்றியும் விரலால் உருட்டிப் பாருங்கள். கடைசி இரண்டு ஜோடியில்தான் கட்டி அதிகம் வரும். பட்டாணி அளவு இருக்கும்போதே எடுத்து, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெட்டை நாய்களின் மார்புக் கட்டிகளில் பாதிக்குப் பாதி புற்றாக இருக்கிறது. முதல் ஹீட்டுக்கு முன்பே கருத்தடை செய்தவற்றுக்கு இது வெகு அரிது. ஒன்பது வயதில் செய்தால் அந்தப் பலன் கிடைக்காது, ஆகவே தடவிப் பார்ப்பதை விடாதீர்கள்.

மார்ச் 28

"ஆபரேஷன் வேண்டாம், ஹீட் வராமல் இருக்க ஊசி இருக்கிறதாமே, வருஷத்துக்கு இரண்டு போதுமாமே?" இருக்கிறது. அது பெரும்பாலும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், அதாவது மார்ச் 4 குறிப்பில் திட்டிய அதே ஹார்மோனின் செயற்கை உறவினர். பயோமெட்ரா, மார்புக் கட்டி, சர்க்கரை மூன்றுக்கும் அதுவே கதவைத் திறந்துவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் தேதியைக் காலண்டரில் எழுதி வைத்து, அடுத்த டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மார்ச் 28, இரவு

டாலியின் மாத்திரை பெயரைத் தனிச் செய்தியில் கேட்பவர்களே, ஆபரேஷன் ஆகாத நாய்க்கு எஸ்ட்ரியால் கொடுக்கவே கூடாது. தண்ணீரும் மூத்திரமும் அதிகமாக உள்ள நாய்க்கும் கூடாது. முதலில் பரிசோதனை. கரண்டி வேண்டுமானால் என்னிடம் ஒன்று மொட்டைமாடியில் இருக்கிறது.